மைனஸ் மூன்றரை: பாயின்ட் ஸ்பிரெட் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்ஸியில் எங்கள் வட்டத்தில் செப்டம்பர் பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியம் யாராவது ஒருவர் வீட்டில் கூடிவிடுவோம். டிவியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஓடும். கிரிக்கெட்டில் ஊறிய கூட்டம் என்பதால் ஆட்டத்தின் விதிகள் பிடிபடவே ரெண்டு சீசன் ஆனது. அதற்குள் திரையின் அடியில் ஓடும் பந்தய எண்களைப் பற்றிச் சந்தேகங்கள் கிளம்பிவிட்டன. எனக்கு இந்த எண்கள் மேல் ஒரு பைத்தியம் உண்டு என்பதால் எல்லாரும் என்னிடமே வருவார்கள். ஒரே கேள்விக்குப் பதினைந்தாவது தடவை பதில் சொன்ன அன்று, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். லைசன்ஸ் வாங்கிப் பந்தயம் நடத்தும் நிறுவனங்களைச் சுருக்கமாகப் புக்கி என்றே சொல்கிறேன்.

1. "ஈகிள்ஸ் -3.5ன்னு கீழே ஓடுதே, ஆட்டமே ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்ன மைனஸ்?"

ஈகிள்ஸ் பலமான அணி என்று புக்கி நினைக்கிறார். அப்படிப்பட்ட அணியை ஃபேவரிட் என்பார்கள், எதிரணி அண்டர்டாக். ஆட்டம் முடிந்ததும் பந்தயக் கணக்குக்காக மட்டும் ஈகிள்ஸ் எடுத்த பாயின்டில் மூன்றரையைக் கழிக்க வேண்டும். 24-20 என்று ஜெயித்திருந்தால் 20.5-20 ஆகும், ஈகிள்ஸ் மேல் கட்டியவருக்குப் பணம். 23-20 என்றால் 19.5-20. ஆட்டத்தில் ஈகிள்ஸ் ஜெயித்தும், அதன் மேல் கட்டியவர் தோற்றார். எதிரணிக்குப் பக்கத்தில் அதே எண் +3.5 என்று இருக்கும். இந்த எண்ணுக்குத்தான் பாயின்ட் ஸ்பிரெட் என்று பெயர், லைன் என்றும் சொல்வார்கள்.

ஆட்டத்தில் அரைப் பாயின்ட் கிடையாது, ஆகவே அரை போட்டால் சமன் ஆக வழியில்லை. வெறும் -3 என்று போட்டு ஆட்டம் சரியாக 3 வித்தியாசத்தில் முடிந்தால் கட்டிய பணம் அப்படியே திரும்பி வரும். அதற்குப் புஷ் என்று பெயர். அந்த அரைக்கு ஹுக், அதாவது கொக்கி என்று பெயர். பொருத்தமான பெயர்தான், 11ஆம் கேள்வியில் பாருங்கள்.

2. "எதுக்குச் சுத்தி வளைக்கணும்? யார் ஜெயிப்பாங்கன்னு கட்டினா போதாதா?"

அப்படியும் கட்டலாம், அதற்கு மனிலைன் என்று பெயர். ஆனால் ஒரு அணி ரொம்பப் பலமாக இருந்தால் 100 டாலர் ஜெயிக்க 900 டாலர் கட்டச் சொல்வார்கள். யாருக்கும் அதில் ருசி இருக்காது. எதிரணி மேல் கட்டவும் கை வராது. முதல் கால்மணியிலேயே முடிவு தெரிந்துவிடும் ஆட்டத்தில் பந்தய வியாபாரம் படுத்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் சார்லஸ் மெக்நீல். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1940களில் சிகாகோவில் புக்கியாகத் தொழில் செய்தார். பலவீனமான அணிக்கு முன்கூட்டியே சில பாயின்டுகளைக் கையில் கொடுத்துவிட்டால் எந்த ஆட்டமும் ஏறக்குறைய சமமான ஆட்டம் ஆகிவிடும். சீசனின் இறுதி ஆட்டத்துக்குச் சூப்பர் பவுல் என்று பெயர். 1969 ஜனவரியில் நடந்த மூன்றாவது சூப்பர் பவுலில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு 18 பாயின்ட் கொடுத்திருந்தார்கள். ஜெட்ஸ் அதைத் தொடவே இல்லை. பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று நேராகவே அடித்துப் போட்டது.

3. "பக்கத்துல -110ன்னு இன்னொரு நம்பர் இருக்கே, அது எந்தக் கணக்கு?"

அது கமிஷன். 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும் என்று பொருள். அமெரிக்காவில் இதை விக் அல்லது ஜூஸ் என்பார்கள். பத்துப் பேர் ஒரு பக்கம், பத்துப் பேர் மறுபக்கம், ஆளுக்கு 110 டாலர் கட்டினால் பெட்டியில் 2,200 டாலர். ஜெயித்த பத்துப் பேருக்கு முதலும் லாபமுமாக 2,100 போகும். மிச்சம் 100, அதாவது சுமார் நாலரை சதவீதம்.

இதையே கட்டுபவர் பக்கத்தில் இருந்து பாருங்கள். நூற்றுக்கு 50 தடவை சரியாகச் சொன்னாலும் நஷ்டம்தான். கை கடிக்காமல் இருக்கவே 52.38 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும் (110ஐ 210ஆல் வகுத்தால் வருவது). அந்த ரெண்டு சதவீதச் சொச்சத்தைத் தாண்ட முடியாமல்தான் முக்கால்வாசிப் பேர் நிற்கிறார்கள்.

4. "முதல் நம்பரை யார் போடறது? கம்ப்யூட்டரா, ஆளா?"

இப்போது இரண்டும் சேர்ந்து. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பல மதிப்பெண் வைத்திருப்பார்கள், பவர் ரேட்டிங் என்று பெயர். இரண்டு அணிகளின் மதிப்பெண்ணைக் கழித்து, சொந்த மைதானத்துக்குக் கொஞ்சம் கூட்டி, காயம், ஓய்வு நாள், பயணம், காற்று என்று அங்கங்கே தட்டிச் சரிசெய்தால் ஒரு எண் கிடைக்கும். மழையை விடக் காற்றுக்குத்தான் பயப்படுவார்கள், காற்றில் பந்தை எறியவும் முடியாது, உதைக்கவும் முடியாது. ஆனால் காற்று அதிகம் பாதிப்பது மொத்தப் பாயின்ட் எவ்வளவு என்ற பந்தயத்தை, ஸ்பிரெட்டை அவ்வளவாக அசைக்காது.

முன்பெல்லாம் இது ஒரு சிலர் கையில் இருந்தது. 1980களில் லாஸ் வேகஸ் பந்தயக் கடைகளில் பெரும்பாலானவை ராக்ஸி ராக்ஸ்பரோ என்பவரின் நிறுவனம் அனுப்பும் எண்ணைத்தான் பலகையில் ஏற்றின. அதே ஊரில் ஸ்டார்டஸ்ட் என்ற சூதாட்ட விடுதி வாரத்தின் முதல் லைனைப் போடுவதில் பேர்போனது. யார் முதலில் கட்டுவது என்று அங்கே குலுக்கல் நடத்துவார்கள், அவ்வளவு போட்டி. 2006இல் அதை மூடிவிட்டார்கள். இன்றைக்கும் முதலில் எண்ணைப் போடும் துணிச்சல் ஒரு சில புக்கிகளுக்குத்தான் உண்டு. மற்றவர்கள் பக்கத்துக் கடை விலையைப் பார்த்துத் தங்கள் கடைப் பலகையில் எழுதுகிறவர்கள்.

முதல் எண் வரும்போது கட்ட அனுமதிக்கும் தொகை சின்னதாகவே இருக்கும். ஆட்டம் நெருங்க நெருங்க அதைப் பல மடங்கு உயர்த்துவார்கள். ஏன் என்பது 7, 8ஆம் கேள்விகளில் புரியும்.

5. "சொந்த மைதானம்னா கண்ணை மூடிட்டு 3 பாயின்ட்னு சொல்றாங்களே?"

பழைய கணக்கு. பல வருடம் 3 என்றுதான் வைத்திருந்தார்கள், இப்போது ஒன்றரை, இரண்டு என்று இறங்கிவிட்டது. கொரோனா வந்த 2020 சீசனில் பல மைதானங்கள் காலியாகவோ கால்வாசி நிரம்பியோ கிடந்தன. அந்த வருடம் சொந்த மண்ணில் ஆடிய அணிகள் 127 ஜெயித்து 128 தோற்றன, ஒன்று சமன்.

6. "அப்போ மூன்றரைப் பாயின்ட்ல ஜெயிக்கும்னு புக்கி ஜோசியம் சொல்றார், சரிதானே?"

இந்த ஒரு இடத்தில்தான் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் வழுக்குவார்கள். அந்த எண்ணை விலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். "இந்த விலைக்கு இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள், நான் விற்கத் தயார்" என்கிறார் புக்கி. விலை சரியாக இருந்தால் பாதித் தடவை அந்தப் பக்கம் விழும், பாதித் தடவை இந்தப் பக்கம் விழும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

ஜோசியம் என்று பார்த்தால் இது படுமோசம். என்.எஃப்.எல். (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) ஆட்டங்களின் முடிவு லைனில் இருந்து 10, 13 பாயின்ட் விலகுவது சர்வ சாதாரணம். மூன்றரை என்று போட்ட ஆட்டம் 31-7 என்று முடிந்தால் புக்கி தலையில் கை வைத்து உட்கார மாட்டார். பல நூறு ஆட்டங்களைச் சேர்த்து எடுத்தால் விலகல்கள் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு போகின்றனவா என்பதுதான் அவர் பார்ப்பது.

7. "போட்ட நம்பர் ஏன் மாறுது? ரெண்டு பக்கமும் பணம் சமமா வரணும்னுதானே?"

எல்லாரும் சொல்லும் பதில் இது. பாதிதான் சரி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லைன் -3, ஃபேவரிட் மேல் 80,000 டாலர், அண்டர்டாக் மேல் 30,000 டாலர் வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் -110. அண்டர்டாக் பக்கம் விழுந்தால் புக்கி 80,000ஐ எடுத்துக்கொண்டு 27,273ஐக் கொடுப்பார், லாபம் 52,727. ஃபேவரிட் பக்கம் விழுந்தால் 30,000ஐ எடுத்துக்கொண்டு 72,727 கொடுப்பார், நஷ்டம் 42,727. பார்க்கப் பயமாக இருக்கிறது. ஆனால் விலை சரியாக இருந்து இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி வாய்ப்பு என்றால் சராசரியாகக் கையில் நிற்பது 5,000 டாலர். மொத்தம் வந்த 1,10,000க்கு நாலரை சதவீதம். 3ஆம் கேள்வியில் இரண்டு பக்கமும் சமமாக வந்தபோது கிடைத்த அதே சதவீதம்!

இப்போது விலை கொஞ்சம் தப்பு என்று வையுங்கள். அந்த ஃபேவரிட் உண்மையில் 55 சதவீதம் லைனைத் தாண்டக்கூடிய அணி. அதே பணத்துக்குச் சராசரி லாபம் சுமார் 227 டாலராகச் சுருங்கிவிடுகிறது. பணம் ஒரு பக்கம் சாய்ந்ததால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கெடும். எண் தப்பாக இருந்தால் தொழிலே கெடும். ஆகவே அடுத்த சீசன் வரைக்கும் தாக்குப்பிடிக்கும் அளவு பணம் வைத்திருக்கும் புக்கி, சமன் செய்வதற்காக லைனை நகர்த்துவதை விட, "எண் தப்போ" என்ற சந்தேகத்தில் நகர்த்துவதே அதிகம். பணபலம் இல்லாத சின்ன புக்கிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையே முழுகடிக்கப் போதும், அவர் சமன் செய்யத்தான் பார்ப்பார்.

பொருளாதார நிபுணர் ஸ்டீவன் லெவிட் ஒரு சீசனில் கட்டப்பட்ட சுமார் 20,000 பந்தயங்களை எடுத்து ஆராய்ந்து 2004இல் எழுதினார். பணம் பல ஆட்டங்களில் ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடந்தது. புக்கிகள் அதைச் சரிசெய்ய முயலவில்லை. ஜனங்களுக்கு ஃபேவரிட் மேல் ஒரு மோகம் உண்டு என்று தெரிந்து, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்றிருந்தார்கள்.

8. "ஆயிரம் பேர் கட்டினாலும் அசையாத லைன், ஒரே ஆள் கட்டினா நகருதாமே அண்ணா?"

ஆமாம். எவ்வளவு பணம் வந்தது என்பதை விட யாரிடம் இருந்து வந்தது என்பது முக்கியம். வருடக் கணக்கில் ஜெயித்துக்கொண்டிருப்பவர்களை ஷார்ப் என்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஷார்ப் 2,000 டாலர் கட்டினால் புக்கி அதைக் கடிதம் மாதிரி படிக்கிறார்: "உன் எண் தப்பு." உடனே -3ஐ -3.5 ஆக்குவார். எங்களை மாதிரி ஆட்கள் ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே போனில் 20 டாலர் கட்டுவதில் அவருக்குத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

முதலில் சின்னத் தொகைக்கு மட்டும் அனுமதிப்பதும் இதனால்தான். விவரம் தெரிந்தவர்கள் குறைந்த செலவில் லைனைத் திருத்திக் கொடுக்கிறார்கள், பிறகு பெரிய தொகைக்குக் கதவைத் திறக்கிறார் புக்கி. ஒரு கடையில் நகர்ந்தால் மற்ற கடைகளும் சில விநாடிகளில் நகரும். அப்படி எல்லா இடத்திலும் ஒரே மூச்சில் நகர்வதற்கு ஸ்டீம் என்று பெயர்.

இதிலும் வேஷம் போடுபவர்கள் உண்டு. பில்லி வால்டர்ஸ் என்ற பிரபலமான பந்தயக்காரர் தனக்கு வேண்டாத பக்கத்தில் ஆட்களை விட்டுக் கொஞ்சம் கட்டச் சொல்வார். எல்லாரும் லைனை நகர்த்தியதும், நல்ல விலையில் வேண்டிய பக்கத்தில் மொத்தமாக இறங்குவார்.

9. "72 சதவீதம் பேர் கவ்பாய்ஸ் பக்கம்னு காட்டுது, லைன் எதிர்ப்பக்கம் போகுது. ஃபிக்ஸிங்கா?"

இல்லை. அந்த 72 சதவீதம் பொதுவாகச் சீட்டுகளின் எண்ணிக்கை. ஏழு பேர் 20 டாலர் கட்டியிருப்பார்கள், மூன்று பேர் 5,000 கட்டியிருப்பார்கள். அந்த மூன்று பேரும் 8ஆம் பதிலில் சொன்ன வகை என்றால் லைன் அவர்கள் பின்னால்தான் போகும். இதை வைத்து "எதிர்த் திசையில் நகரும் லைனைப் பிடி, ஜெயிக்கலாம்" என்று ஆலோசனை விற்பவர்கள் நிறைய. நகர்ந்து முடிந்த விலையில் வாங்கினால் அந்த மூன்று பேருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காது.

10. "3, 7ன்னா ஏன் எல்லாரும் பதறுறாங்க?"

ஃபுட்பாலில் பாயின்ட் ஒவ்வொன்றாக வராது. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 3, பந்தோடு எல்லைக்கோட்டைத் தொடும் டச்டவுனுக்கு 6, அதோடு உதைத்துப் பெறும் 1. ஆகவே வெற்றி வித்தியாசங்கள் சில எண்களில் குவிந்துவிடும். என்.எஃப்.எல். ஆட்டங்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்று சரியாக 3 வித்தியாசத்தில் முடியும். அடுத்த இடம் 7க்கு. 2015இல் டச்டவுனுக்குப் பிறகு உதைக்கும் தூரத்தைக் கூட்டினார்கள், தவறுகள் அதிகமாயின. ஆனாலும் 3இன் ராஜ்ஜியம் கலையவில்லை.

ஆகவே எல்லா அரைப் பாயின்டும் ஒரே விலை கிடையாது. -4.5இல் இருந்து -5க்குப் போவதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். -2.5இல் இருந்து -3க்கோ -3இல் இருந்து -3.5க்கோ போனால் ஊரே பேசும். கூடைப்பந்தில் பாயின்ட் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொழிவதால் இந்தக் குவிப்பு அவ்வளவாக இல்லை, அங்கே லைன் சுலபமாக நகரும்.

11. "லைன் -3லயே நிக்குது, ஆனா பக்கத்துல -120 ஆயிடுச்சு. இது என்ன புதுசா?"

3ஐத் தாண்டப் புக்கி தயங்குகிறார். எண்ணைத் தொடாமல் கமிஷனை மட்டும் ஒரு பக்கம் ஏற்றிப் பார்க்கிறார். -3க்கு 110 கட்டியது போய் 120 கட்ட வேண்டும், மறுபக்கம் கட்டினால் 100 போதும். அப்படியும் ஃபேவரிட் மேலேயே விவரமானவர்கள் வந்தால்தான் -3.5 ஆகும். பலகையில் இதை முன்கூட்டியே பார்க்கலாம்: -110, -115, -120, பிறகு எண் தாவும்.

எனக்கு இது படித்துத் தெரிந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு -3 என்று நின்ற ஒரு அணி மேல் நண்பர்கள் இருவர் கட்டினார்கள். நான் "காலையில பாத்துக்கலாம்" என்று தூங்கிவிட்டேன். காலையில் -3.5. அரைப் பாயின்ட்தானே என்று 22 டாலர் கட்டினேன். கடைசி நிமிடத்தில் ஒரு ஃபீல்ட் கோல் உள்ளே போய், அந்த அணி சரியாக 3 வித்தியாசத்தில் ஜெயித்தது. வீடே துள்ளியது. அவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது, எனக்கு 22 போனது. தொகை சின்னது, கிண்டல் இன்னும் ஓயவில்லை. அன்றிலிருந்து வீட்டில் என் பேர் கொக்கி.

12. "லைன் மாறும்போது ரெண்டு பக்கமும் கட்டி ரெண்டுலயும் ஜெயிக்க முடியுமா?"

முடியும், மிடில் என்று பெயர். செவ்வாய் அன்று ஃபேவரிட் -2.5இல் 110 டாலர் கட்டினீர்கள். சனியன்று லைன் 3.5 ஆனதும் அண்டர்டாக் +3.5இல் இன்னொரு 110 கட்டுகிறீர்கள். ஆட்டம் சரியாக 3இல் முடிந்தால் இரண்டும் உங்களுக்கு, லாபம் 200. வேறு எப்படி முடிந்தாலும் ஒன்று ஜெயித்து ஒன்று தோற்று 10 டாலர் போகும். 21 தடவையில் ஒரு தடவை சிக்கினாலே முதலுக்கு மோசமில்லை. 3ஐக் குறுக்கே கடக்கப் புக்கி ஏன் நடுங்குகிறார் என்பது இப்போது புரியும்.

இதன் உச்சம் 1979 ஜனவரி 21, பதின்மூன்றாவது சூப்பர் பவுல். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், டாலஸ் கவ்பாய்ஸ். ஸ்டீலர்ஸ் -3.5 என்று தொடங்கியது. ஸ்டீலர்ஸ் பணம் குவிந்ததால் 4.5க்கு ஏற்றினார்கள், உடனே கவ்பாய்ஸ் பணம் கொட்டியது. ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் ஸ்டீலர்ஸ் 35-17 என்று முன்னால் நின்றபோது புக்கிகளுக்குப் பெரிய கவலை இருந்திருக்காது. அப்புறம் டாலஸ் ஒரு டச்டவுன் போட்டது. 22 விநாடி மிச்சம் இருக்கையில் இன்னொன்று. முடிவு 35-31, வித்தியாசம் 4. -3.5இல் ஸ்டீலர்ஸ் மேல் கட்டியவருக்கும் பணம், +4.5இல் கவ்பாய்ஸ் மேல் கட்டியவருக்கும் பணம். சரியாக 4இல் கட்டியவர்களுக்கு முதல் திரும்பியது. அந்த நாளை லாஸ் வேகஸில் இன்றும் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள்.

13. "குவாட்டர்பேக்குக்கு அடிபட்டா எவ்வளவு மாறும்?"

குவாட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர். அந்த இடத்தில் நட்சத்திர ஆட்டக்காரர் போய் சுமாரான மாற்று ஆள் வந்தால் 5, 6, சில சமயம் 7 பாயின்ட் வரைக்கும். மற்ற இடங்களில் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் ஒன்று, ஒன்றரையைத் தாண்டுவது அபூர்வம். செய்தி தெளிவாகும் வரை அந்த ஆட்டத்தைப் பலகையில் இருந்தே எடுத்துவிடுவார்கள். அணிகள் வாரம் முழுவதும் காயப் பட்டியல் வெளியிட வேண்டும் என்பது என்.எஃப்.எல். விதி. ஆடாதவர்கள் யார் என்ற கடைசிப் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் வரும். அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண்கள் துடிப்பதைப் பார்க்கலாம்.

செய்தி உங்கள் காதுக்கு வரும்போது லைன் ஏற்கெனவே நகர்ந்திருக்கும். "அவன் ஆடலையாம்" என்று தெரிந்ததும் எதிரணி மேல் கட்ட ஓடுவது, விலை ஏறிய பிறகு வாங்க ஓடுவதுதான்.

14. "ஆட்டம் தொடங்கும்போது எங்க நிக்குதோ அதுதான் கரெக்ட் நம்பரா?"

இருப்பதில் நல்ல எண் அது. வாரம் முழுக்க வந்த செய்தி, ஷார்ப்களின் பணம், எதிர்ப்பணம் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆகவே விவரமானவர்கள் ஒரு பந்தயம் ஜெயித்ததா என்று பார்ப்பதை விட, தாங்கள் வாங்கிய எண் கடைசி எண்ணை விட நல்லதா என்று பார்ப்பார்கள். நீங்கள் -2.5இல் வாங்கி அது -4இல் முடிந்தால் நல்ல வியாபாரம் செய்திருக்கிறீர்கள், அன்று தோற்றிருந்தாலும் சரி. புக்கியும் உங்களை இதே அளவுகோலால்தான் அளக்கிறார் (20ஆம் கேள்வி).

15. "எப்படிப் பார்த்தாலும் புக்கிக்கு நஷ்டமே வராதா?"

நாள் கணக்கில் வரும், வருடக் கணக்கில் வருவது கடினம். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 1991இல் இருந்து உள்ள கணக்கில், கடைகள் சூப்பர் பவுலில் மொத்தமாக நஷ்டப்பட்ட வருடங்களை விரல் விட்டு எண்ணலாம்: 1995, 2008. 2008இல் அதுவரை ஒரு ஆட்டமும் தோற்காத நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் சுமார் 12 பாயின்ட் ஃபேவரிட். எங்கள் பக்கத்து ஜயன்ட்ஸ் மேல் கட்டியவர்கள் நிறைய, ஜயன்ட்ஸ் 17-14 என்று ஜெயித்தே விட்டது. மாறாக 2014இல், எங்கள் நியூ ஜெர்ஸி மைதானத்திலேயே சியாட்டல் 43-8 என்று டென்வரை நொறுக்கியபோது, டென்வரைத் தூக்கி வைத்திருந்த ஜனங்களின் பணம் மொத்தமும் கடைகளுக்குப் போனது.

கண்ணில் நிற்பது 2008 நவம்பர் 16. ஸ்டீலர்ஸ் நான்கைந்து பாயின்ட் ஃபேவரிட், ஜனங்களின் பணம் பெரும்பாலும் அவர்கள் மேல். சார்ஜர்ஸுக்கு எதிராக 11-10 என்று முன்னணி. கடைசி விநாடியில் சார்ஜர்ஸ் பந்தைக் கை மாற்றி மாற்றி எறிய, ட்ராய் பொலமாலு அதைப் பொறுக்கி ஓடி டச்டவுன் போட்டார். 17-10. ஸ்டீலர்ஸ் மேல் கட்டியவர்கள் கத்திக் களித்து முடிப்பதற்குள் நடுவர்கள் ரீப்ளே பார்த்து அதை ரத்து செய்தார்கள். ஆட்டத்தின் வெற்றியாளர் மாறவில்லை, பந்தயத்தின் வெற்றியாளர் மாறிவிட்டார். ரத்து செய்தது தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். 11-10 முடிவு அப்படியே இருந்தது.

16. "ஆட்டம் நடக்கும்போதே லைன் மாறிட்டே இருக்கே, யார் உட்கார்ந்து மாத்தறது?"

கணினிதான். ஸ்கோர், மிச்ச நேரம், பந்து எங்கே இருக்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு ஆட்ட அசைவுக்கும் புது விலை போடும். மைதானத்தில் இருப்பவர் உங்கள் டிவியை விடச் சில விநாடி முன்னால் பார்க்கிறார் என்பதால், நீங்கள் அழுத்தியதும் கொஞ்சம் தாமதித்துத்தான் ஏற்றுக்கொள்ளும். கமிஷனும் கூடுதல்.

17. "லைனுக்காகவே பாயின்டை விட்டுக்கொடுக்க மாட்டாங்களா?"

விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்பிரெட்டின் பெரிய ஓட்டை இது: அணி ஜெயிக்கவும் செய்யலாம், ஆனால் 12க்குப் பதில் 6 வித்தியாசத்தில். தோற்கச் சொன்னால் மறுக்கும் பையன்கூட இதற்குச் சபலப்படுவான். 1951இல் நியூயார்க் சிட்டி கல்லூரி உள்படப் பல கல்லூரிகளின் கூடைப்பந்து வீரர்கள் இதில் மாட்டினார்கள்.

லைன் நகர்வே காட்டிக்கொடுத்த கதை 1994இல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியுடையது. வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தில் வழக்கமில்லாத பணம் லாஸ் வேகஸில் வாஷிங்டன் பக்கம் கொட்டி, லைன் மளமளவென்று சரிந்தது. கடைக்காரர்களுக்கே பொறி தட்டிவிட்டது. அரிசோனா ஸ்டேட் கடைசியில் 73-55 என்று ஜெயித்து, சதிக்காரர்களின் பணமே போனது. வீரர்கள் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

18. "நம்ம கிரிக்கெட்டுக்கு ஏன் ஸ்பிரெட் கிடையாது?"

முதலில் ஆடிய அணி ஜெயித்தால் 20 ரன் வித்தியாசம் என்கிறோம், துரத்திய அணி ஜெயித்தால் 4 விக்கெட் வித்தியாசம் என்கிறோம். ஒரே அளவுகோல் இல்லாதபோது எதில் கழிப்பது? இலக்கைத் தொட்டதும் ஆட்டமே நின்றுவிடுகிறது. ஆகவே அங்கே யார் ஜெயிப்பார், இத்தனை ஓவரில் எத்தனை ரன் என்ற மாதிரிப் பந்தயங்கள்தான். கால்பந்தில் ஏஷியன் ஹேண்டிகேப் என்ற பெயரில் ஸ்பிரெட்டின் தம்பி ஒருவர் இருக்கிறார்.

19. "இதெல்லாம் சட்டப்படி சரியா? ஊர்ல இருந்து தம்பி கேக்கறான்."

அமெரிக்காவில் 1992இல் வந்த ஒரு மத்திய சட்டம் நெவாடா தவிர ஏறக்குறைய எங்கும் இதைத் தடுத்தது. நியூ ஜெர்ஸி அதை எதிர்த்து நீதிமன்றத்தில் வாதாடி, 2018 மே 14இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. அதன் பிறகு மாநிலத்துக்கு மாநிலம் விதி. நியூ ஜெர்ஸியில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், போன் மாநில எல்லைக்குள் இருக்க வேண்டும், இந்த மாநிலக் கல்லூரி அணிகள் மேல் கட்ட முடியாது. நியூயார்க்கில் 2022 ஜனவரியில்தான் போன் வழிப் பந்தயம் வந்தது. அதுவரை அங்கிருந்து பாலம் தாண்டி வந்து, இந்தக் கரையில் நின்று கட்டிவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

தம்பிக்குப் பதில்: கூடாது. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்துக்கு 2022ஆம் ஆண்டின் தடைச் சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. வெளிநாட்டு ஆப், டெலிகிராம் குழு என்று யார் வந்தாலும், பணம் போனால் கேட்க ஆள் கிடையாது.

20. "நான் கொஞ்சம் ஜெயிக்க ஆரம்பிச்சதும் கட்டற அளவைக் குறைச்சுட்டாங்க. நியாயமா இது?"

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு நடந்தது. 500 டாலர் வரைக்கும் கட்ட விட்ட ஆப் ஒருநாள் 11 டாலருக்கு மேல் ஏற்க மாட்டேன் என்றது. அவர் பெரிதாக ஒன்றும் சம்பாதித்துவிடவில்லை. ஆனால் லைன் நகரும் முன்பே, வாரா வாரம், நல்ல எண்ணில் வாங்கிக்கொண்டிருந்தார். 14ஆம் பதிலில் சொன்ன அளவுகோலில் அவர் தேறிவிட்டார். புக்கிக்கு அது போதும், நீங்கள் இதுவரை ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பது இரண்டாம் பட்சம்.

பெரும்பாலான மாநிலங்களில் இதைத் தடுக்க விதி இல்லை. 2024இல் மாசசூசெட்ஸ் மாநில ஆணையம் நிறுவனங்களைக் கூப்பிட்டு இதைப் பற்றிக் கேட்டது. நியாயமா என்றால், எனக்கு இது பிடிக்கவில்லை. விலை போட்டுக் கடை திறந்தவர் விலை தெரிந்த ஆளுக்கு விற்க மாட்டேன் என்கிறார். ஆனால் சில புக்கிகள் இப்படிப்பட்டவர்களை வேண்டுமென்றே விட்டு வைக்கிறார்கள், 8ஆம் பதிலில் சொன்ன மாதிரி லைனைத் திருத்திக்கொள்ள அவர்கள் தேவை.

நண்பர் இன்னும் அந்த 11 டாலரை விடாமல் கட்டுகிறார். அவர் கட்டியதும் நாங்கள் எல்லாரும் எங்கள் போனை எடுத்து, எண் நகர்கிறதா என்று பார்ப்போம்.